செத்த காலேஜை உயிர் காலேஜ் ஆக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். பழைய தாலுகா ஊர் ஒன்றில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன வரலாற்று அருங்காட்சியகம், நாலு அறை, ஒரு முற்றம். பள்ளிக்கூட வேன் வந்தால்தான் கூட்டம், மற்ற நாளெல்லாம் வாட்ச்மேனும் புறாக்களும்தான். குடும்பங்களும் ஊர்க்காரர்களும் வருகிற மாதிரி மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும், கையில் பெரிய பணமில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பல வருஷமாக இந்த மாதிரி சின்ன மியூசியங்களில் தன்னார்வலராகச் சுற்றியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. சென்னையில் வயதானவர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை. 1851இல் மியூசியம் தொடங்கியபோது அதன் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். உயிரோடு ஒரு புலியையும் ஒரு சிவிங்கிப்புலியையும் அங்கே வைத்ததும் ஜனம் மொய்த்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் 1855இல் அங்கேயே மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தார். அப்புறம் அது 1863இல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. கல்லும் எலும்பும் எழும்பூரிலேயே தங்கிவிட்டன. அதாவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கக் குடும்பம் கிளம்பி வராது, பக்கத்தில் உயிருள்ளது ஏதாவது வேண்டும் என்பது நம் ஊரில் 170 வருஷத்துக்கு முன்பே ஒருவருக்குப் புரிந்திருக்கிறது.

உங்களிடம் புலி இல்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் ஊரில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துத்தான் எல்லாம் என்பது என் கட்சி. தாத்தா பாட்டியைப் பார்வையாளராக உட்காரவைக்காதீர்கள், விளக்கம் சொல்பவராக உட்காரவையுங்கள். பாட்டி வந்தால் மருமகள் வருவாள், மருமகள் வந்தால் பேரன் வருவான், கடைசியில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனும் உள்ளே வருவான்.

எதைச் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே 18 உலக அருங்காட்சியக நாள் வந்தால் நம் பக்கம் ஓவியப் போட்டி, கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒரு சிறப்பு விருந்தினர், பொன்னாடை, சான்றிதழ். பிள்ளைகள் வராந்தாவில் குனிந்து இயற்கைக் காட்சி வரைந்துகொண்டிருக்கும், அம்மா அப்பா வெளியே மர நிழலில் காத்திருப்பார்கள், பரிசு வாங்கியதும் எல்லோரும் ஒரே ஓட்டம். உள்ளே இருக்கும் ஒரு பொருளைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதே போட்டியைக் கல்யாண மண்டபத்தில் நடத்தினாலும் ஒன்றும் மாறாது. உங்கள் மியூசியத்தில் மட்டும்தான் நடக்க முடியும் என்கிற நிகழ்ச்சியாக இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

சரி, எதில் ஆரம்பிக்கலாம்? நான் பார்த்ததையே சொல்கிறேன். ஒரு சின்ன மியூசியத்தில் மரக்கால் ஒன்று இருந்தது. கீழே சீட்டில் 'மரக்கால் – தானிய அளவை – மரம், இரும்பு' என்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு வந்த ஓர் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். "இதுல அளக்கறப்ப ஒண்ணுன்னு சொல்லக்கூடாது தெரியுமா, லாபம்னு சொல்லணும்" என்றார். எங்களிடம் இன்னொரு மரக்கால் ஸ்டோர் ரூமில் கிடந்தது. அடுத்த மாதம் ஒரு மூட்டை நெல் வாங்கி முற்றத்தில் பாயை விரித்துக் கொட்டி, அவரையே அளக்கச் சொன்னோம். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகமாக அளந்தார், தலை தட்டுகிற லாவகம் இருக்கிறதே, அதை எந்தச் சீட்டில் எழுத முடியும்? பிள்ளைகள் வரிசையில் நின்று அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்ப்பாட்டை அரை மணி நேரத்தில் கையாலேயே கற்றுக்கொண்டார்கள். எட்டுப் படி என்று சொன்னதும் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார், எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று. அவர் சொன்னதும் சரிதான், அளவு ஊருக்கு ஊர் மாறும்.

அப்போது ஓரமாக நின்றிருந்த ஒரு பெரியவர், விவசாயக் கூலியாக இருந்தவர், "நெல்லு வாங்க ஒரு மரக்கால், கூலி குடுக்க ஒரு மரக்கால்னு ரெண்டு வச்சிருந்த வீடெல்லாம் உண்டு" என்று மெதுவாகச் சொன்னார். முற்றம் ஒரு நிமிஷம் கப்சிப். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மரக்கால் வெறும் 'தானிய அளவை' இல்லை. அந்தப் பெரியவர் சொன்னதையும் எழுதிச் சீட்டில் சேர்த்தோம். சிலருக்குப் பிடிக்கவில்லை, இருக்கட்டும்.

இதே மாதிரி இன்னொன்று, அணாக் கடை. நம் நாட்டில் பைசாக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அட்டையில் காசு வெட்டி, கடலை மிட்டாய், தேன் மிட்டாய், நாவல்பழம் எல்லாவற்றுக்கும் அணாவில் விலை போட்டு ஒரு கடை போடுங்கள். கல்லாவில் எண்பது வயதுக்காரர்கள் உட்காரட்டும். அப்பா அம்மாக்களே மீதிச் சில்லறை தெரியாமல் முழிப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அவ்வளவு குஷி. 25 பைசா 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது, ஆனால் எட்டணா, நாலணா என்ற சொல் மட்டும் வீட்டுப் பேச்சில் இன்னும் கிடக்கிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பேரனுக்குப் புரிகிற இடம் இந்தக் கடைதான். செலவு ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாத்திர நிகழ்ச்சி. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்றெல்லாம் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறியிருக்கிறது, படித்திருப்பீர்கள். பாடப் புத்தகத்தில் அது 'தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு', பரீட்சைக்கு இரண்டு மார்க். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் வீட்டு எவர்சில்வர் குடத்திலும் தூக்குவாளியிலும் பாத்திரக் கடைக்காரர் டர்ரென்று மெஷினை வைத்துப் பெயர் வெட்டித் தருகிறாரே, அதேதானே? என் பாத்திரம், என் பெயர். அதனால் வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று அழையுங்கள். யார் பெயர், எந்தத் தேதி, என்ன விசேஷம் என்று குடும்பமே கூடிக் கண்டுபிடிக்கட்டும். நாங்கள் நடத்தியபோது ஒரு சிறுமி கொண்டுவந்த பித்தளைச் செம்பில் இருந்த பெயர் யாருடையது என்று அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. போனில் சித்தப்பாவைக் கேட்டு, அவர் அத்தையைக் கேட்டு, கடைசியில் அது கொள்ளுத்தாத்தாவின் முதல் மனைவி என்று தெரியவந்தது. அப்படி ஒருவர் இருந்ததே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்தக் குடும்பம் மூன்று மணி நேரம் எங்கும் நகரவில்லை. அது முடிந்ததும் குயவரிடம் வாங்கிய உடைந்த பானை ஓடுகளையும் ஓர் ஆணியையும் கொடுத்து, சுவரில் ஒட்டிய தமிழி எழுத்து அட்டவணையைப் பார்த்துத் தங்கள் பெயரைக் கீறச் சொல்லுங்கள். ஓட்டின் விளிம்பை மட்டும் முன்கூட்டியே தேய்த்து வையுங்கள், கையைக் கிழிக்கும்.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ஆம் தேதி திறந்ததிலிருந்து எல்லோருக்கும் அகழாய்வு ஆசை வந்திருக்கிறது, அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பெரிய தொட்டியில் அடியில் களிமண், அதன் மேல் சாம்பல், அதன் மேல் செம்மண், மேலே மணல் என்று அடுக்கி, அடியில் பானை ஓடும் தக்களியும், நடுவில் ஓட்டைக் காலணாவும், மேல் அடுக்கில் சோடா பாட்டில் மூடியும் சார்ஜர் ஒயரும் புதைத்து வையுங்கள். நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டிச் சதுரம் பிரித்து, ஒரு சதுரத்துக்கு ஒரு பிள்ளை, பக்கத்தில் நோட்டோடு அப்பாவோ அம்மாவோ. எது எந்த அடுக்கில், எந்தச் சதுரத்தில் கிடைத்தது என்று எழுதாமல் எடுத்தால் அந்தப் பொருள் கணக்கில் வராது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். புதையல் வேட்டைக்கும் அகழாய்வுக்கும் உள்ள வித்தியாசமே அந்த நோட்டுதான்.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தாயமும் பல்லாங்குழியும் உங்களுக்கே தெரியும். கீழடியில் தந்தத்திலும் சுடுமண்ணிலும் கிடைத்த தாயக்கட்டைகளின் பெரிய படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழே தாயம் ஆடவிடுங்கள், போதும். ஆடு புலி ஆட்டக் கட்டம் உங்கள் ஊர்க் கோயில் மண்டபத் தரையிலேயே வெட்டியிருக்கலாம், தேடிப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. சாயங்காலம் மண்டபத்தில் உட்காரும் பெரியவர்கள் இதில் எந்தச் செஸ் சாம்பியனையும் விட மாட்டார்கள்.

கல்வெட்டுப் படியெடுப்பதும் நல்ல நிகழ்ச்சிதான். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து தெரியும், அந்த நொடியில் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். ஆனால் உண்மையான கல்வெட்டில் கூட்டத்தை விடவே விடாதீர்கள், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளதென்றால் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. உள்ளூர்க் கல்தச்சரிடம் சொல்லி ஒரு பலகைக் கல்லில் நாலு வரி வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் உதவும். தச்சருக்கும் குயவருக்கும் கண்டிப்பாக ஒரு நாள் கூலி கொடுங்கள். 'ஊர்ப் பெருமைக்காகச் செய்யுங்களேன்' என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, ரொம்பத் தப்பு. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் கைவினைக் கலைஞர்கள் கண் முன்னால் வேலை செய்வதும் அதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களும் செய்து பார்ப்பதும்தான் குடும்பங்களை இழுக்கிறது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டிய இடம் அது, 1996இல் திறந்தார்கள். வெறும் வீடுகளை மட்டும் வைத்திருந்தால் ஒரு முறை பார்த்ததோடு முடிந்திருக்கும்.

இப்போது கொஞ்சம் எச்சரிக்கை. ஊர்க்காரர்களைப் பொருள் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார்கள், அப்போதுதான் தலைவலி ஆரம்பம். எங்கள் முதல் நிகழ்ச்சியில் பொருள்களை ஒரு வாரம் வைத்திருந்து காட்டினோம், ரசீது எழுதவில்லை, எல்லாம் தெரிந்தவர்கள்தானே என்ற மிதப்பு. இரண்டு வெற்றிலைப் பெட்டிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, வீடு மாறிப் போய்விட்டன. ஒரு பெட்டியின் மூடிக்குள் மட்டும் ஒரு பொடி எழுத்து இருந்ததாம், அதை வைத்துத்தான் உடைமைக்காரர் கண்டுபிடித்தார். கோபித்துக்கொண்டு போன குடும்பத்தைச் சமாதானப்படுத்த ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் ஆனது. அதனால் வாங்கும்போதே எதிரிலேயே போனில் நாலு பக்கமும் படம், இரண்டு பிரதி ரசீது, திருப்பித் தரும் தேதி, இரண்டு கையெழுத்து. முடிந்தால் அன்றைக்கு வந்த பொருள் அன்றைக்கே வீடு திரும்பட்டும்.

யாராவது பழைய வெண்கலச் சிலையோ சுவடியோ கொண்டுவந்தால் கையில் வாங்கி மேஜையில் பரப்புவதற்கு முன் யோசியுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள்களும், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள் கணக்கில் வரும், சிலை மாதிரி சில வகைகளுக்குப் பதிவும் வேண்டும். தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்துவிடும், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அழைப்பிலேயே 'வீட்டுப் புழக்கப் பொருள்கள் மட்டும்' என்று போட்டுவிட்டால் பாதித் தொல்லை மிச்சம். விலை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். "இது எவ்வளவு சார் போகும்?" என்று நிச்சயம் நாலு பேர் கேட்பார்கள், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

பொருளே வாங்காமல் நடத்தக்கூடியது போட்டோ ஸ்கேனிங் நாள், தொடங்குவதற்கு இதைவிட நல்லது கிடையாது. ஒரு ஸ்கேனர், ஒரு லேப்டாப், கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு காலேஜ் பிள்ளைகள். வீட்டு ஆல்பத்திலிருந்து ஐந்து படம் கொண்டுவாருங்கள், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து உங்கள் போனுக்கே அனுப்புகிறோம், ஒரு பிரதி மியூசியத்துக்கு. படத்தின் முதுகையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பென்சிலில் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டு ரெக்கார்டு செய்துகொள்ளட்டும். பொதுவில் காட்டலாமா, வேண்டாமா என்று ஒரு வரி சம்மதம் எழுதி வாங்குங்கள், கல்யாணப் படங்களில் இப்போது பேச்சுவார்த்தை இல்லாத உறவுகளும் நிற்பார்கள்.

ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்கிறேன். 'அனைவரும் வருக' என்று பேனர் கட்டினால் அனைவரும் வர மாட்டார்கள். எங்கள் முதல் மூன்று நிகழ்ச்சிக்கும் வந்தது தேரோடும் நாலு வீதிக்காரர்கள்தான். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை, கூப்பிட்டோமே என்று சொல்லிக்கொண்டோம். அப்புறம்தான் ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார், உள்ளே வைத்திருப்பது எல்லாம் பெரிய வீட்டுப் பல்லக்கும் ஊஞ்சலும், அதில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று. நாலாவது நிகழ்ச்சியை மியூசியத்திலேயே நடத்தவில்லை, அவர்கள் தெருச் சமுதாயக் கூடத்துக்கு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போனோம். மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள்தான் வீடு வீடாகச் சொல்லிக் கூட்டி வந்தார்கள், எந்த நோட்டீஸாலும் அது முடியாது. கமலை இறைத்த கதை, பறையைத் தீயில் வாட்டும் பக்குவம், நாற்று நடும்போது பாடியது எல்லாம் அங்கேதான் கிடைத்தது. அதில் பாதி இப்போது மியூசியச் சுவரில் இருக்கிறது, அதைக் காட்டவே அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பள்ளிவாசல் ஜமாத்தையும் சர்ச்சையும் இப்படியே நேரில் போய்ப் பாருங்கள்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறந்த இல்லம் என்று வைத்துக் கட்டணமில்லாமல் குடும்பங்களை உள்ளே விடுகிறார்கள். தெருவே விழாக் கோலத்தில் இருக்கும்போது கதவைத் திறந்து வைக்கிறார்கள், தனியாகக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை. நம் ஊரில் தேர்த் திருவிழா அன்றைக்கு மியூசியத்துக்கு லீவு விடுகிறோம்! ஊர் முழுக்க வெளியூர் உறவுக்காரர்கள் வந்து குவிந்திருக்கும் அந்த ஒரு நாளில் திறந்து வையுங்கள், வாசலில் நீர்மோர் கொடுங்கள். உள்ளே மட்டும் சாப்பாடு, மோர் எதுவும் வேண்டாம், எறும்பும் பூச்சியும் துணியையும் காகிதத்தையும் தேடி வந்துவிடும்.

மற்ற நாள்களுக்குத் தேதி குறிக்கும்போது தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் ஊரே மண்டபத்தில் இருக்கும். அரையாண்டு, முழுப் பரீட்சைக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துச் சமைக்கிற அம்மா வர முடியாது, நாலு மணிக்கு மேல் வையுங்கள். முதுகு சாய்கிற நாற்காலி குறைந்தது பத்து, குடிதண்ணீர், தாழ்ப்பாள் போடுகிற கழிவறை, இந்த மூன்றும் இல்லாவிட்டால் நான் மேலே எழுதிய எதுவும் நடக்காது. பாட்டி ஒரு முறை கழிவறை இல்லாமல் தவித்தால் அடுத்த முறை வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்.

டிக்கெட் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிகழ்ச்சி நாளில் வேண்டாம், வாசலில் உண்டியல் வையுங்கள். வந்தவர்களின் தலையை எண்ணிக்கொண்டிருக்காமல், நோட்டில் பெயரும் தெருவும் எழுதி வாங்கி, எத்தனை வீடு இரண்டாம் முறை வந்தது, எந்தத் தெரு இன்னும் வரவே இல்லை என்று மட்டும் பாருங்கள். முதல் மாதம் ஸ்கேனிங், இரண்டாம் மாதம் பாத்திரம், மூன்றாம் மாதம் நெல் அளப்பது என்று வைத்துக்கொண்டால், மரக்காலோ படியோ யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்பது அந்த முதல் இரண்டு மாதப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நெல் மூட்டையை மட்டும் கடன் சொல்லி ரைஸ் மில்லில் கேட்டுப் பாருங்கள், அளந்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.